பெண்கள் ஹாக்கிக்கு நான் எழுதிய நோட்டீஸ்

மார்க்கெட் ரோட்டில் மைக் கட்டிய குதிரை வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே உட்கார்ந்து சுடலை அண்ணாச்சி நோட்டீஸ் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் வாசித்தது நான் எழுதியது. என் மாமனாரின் அச்சக வாசலில் நின்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். காது குளிர்ந்தது.

"வீரமும் ஈரமும் ஒருங்கே விளைந்த கரிசல் மண்ணின் பெருமக்களே! மங்கையர் குலத்தின் மாண்பினை மாநிலம் அறியச் செய்யும் வண்ணம், நாளது வெள்ளிக்கிழமை மாலை, நம் நன்னகரின் மைதானந்தனிலே..."

எதிர்ச்சாரியில் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்த அம்மாள் தராசைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டாள்.

"யாரு தவறிட்டாவளாம்?"

"தெரியலயே. பெரிய எடத்துச் சாவு போல."

"அய்யோ பாவம்" என்று அந்த அம்மாள் உச்சுக் கொட்டினாள். பிறகு தராசை எடுத்து மீதிக் கத்தரிக்காயை நிறுத்தாள்.

நான் உள்ளே போய்விட்டேன்.

போன வாரம் எங்கள் அச்சகத்தைப் பற்றி எழுதியதும் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "இத்தனை வருஷமாக எழுதுகிறீர்களே, எழுத உட்காரும்போது யாரை நினைத்துக்கொள்வீர்கள்?" நல்ல கேள்வி. எனக்கு அதற்குப் பதில் இருக்கிறது. பதிலுக்கு ஒரு பெயரும் இருக்கிறது. அந்தப் பெயர் பேச்சியக்கா. அவளிடம் வந்து சேருவதற்கு முன்னால் கொஞ்சம் சுற்ற வேண்டும்.

மாலை போட்ட தமிழ்

எனக்குச் சொந்த ஊர் எப்போதும்வென்றான். அப்பாவுக்கு மானாவாரி நிலம். பருத்தியும் கம்பும் போடுவார்கள். பெண்பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்புவது எங்கள் பக்கத்தில் அபூர்வம். அப்பா அனுப்பினார். நான் தமிழ் பி.ஏ. படித்தேன். கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கினேன். அந்தக் கட்டுரையில் ஒரு வாக்கியம் முக்கால் பக்கம் ஓடியது. அதற்காகத்தான் பரிசு கொடுத்தார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிப்டு வேலை. மாமாவுக்கு அச்சகம். வீட்டின் முன்பாதி அச்சகம், பின்பாதி குடித்தனம். டிரெடில் அச்சு மிஷின் ஓடினால் அடுப்படியில் தட்டு ஆடும். புளிக்குழம்பு வாசனையும் மை வாசனையும் கலந்துதான் எங்கள் வீட்டில் பொழுது விடியும்.

புரூப் பார்க்க ஆள் வேண்டும் என்று மாமா என்னைக் கூப்பிட்டார். "நீ தமிழ் படிச்சவதான? ஒத்தெழுத்துத் தப்பு வந்தா சண்டைக்கு வாராவ. கொஞ்சம் பாரும்மா" என்றார். அப்படித்தான் தொடங்கியது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி. பிழை திருத்தியவள் கொஞ்ச நாளில் எழுதவும் ஆரம்பித்தேன். என் தமிழ் மாமாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "மாலை போட்ட மாதிரி இருக்கும்மா" என்பார். கண்ணீர் அஞ்சலிக்கு அது நன்றாகவே பொருந்தியது.

எழுபதுகள் முடிந்து எண்பது பிறந்த சமயம். கோவில்பட்டியில் கோடை வந்தால் ஹாக்கி வந்துவிடும். ஊரே மைதானத்தில்தான் கிடக்கும். அந்த வருஷம் ஆண்கள் போட்டிகளுக்கு நடுவே, பெண்களுக்கும் இரண்டு ஆட்டம் வைக்கலாம் என்று போட்டி நடத்துகிற கமிட்டியில் முடிவானது. ஒரு டிரில் டீச்சர் பாடுபட்டுச் சேர்த்த அணி அது. பாதிப் பேர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். மீதிப் பேர் எட்டாவதோடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர்கள். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள்.

அணியின் கேப்டன் செண்பகம். பத்தொன்பது வயசு. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவள். அச்சடித்த நோட்டீஸ் கட்டை வாங்கிப் போக அவள்தான் வந்தாள். ஒன்றை உருவி, விரல் வைத்து மேலிருந்து கீழே தேடினாள். மறுபடி மேலே போனாள்.

"எக்கா, இதுல எம்பேரு எங்கன இருக்கு?"

காட்டினேன். "வில்லேர் புருவமும் வேலேர் விழியும் கொண்ட வீராங்கனை" என்ற அடைமொழிகளுக்குப் பின்னால் அவள் பெயர் ஒளிந்துகொண்டிருந்தது.

"இது யாருக்கா, வில்லு வேலுன்னு?"

"நீதான்ட்டி."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். நோட்டீஸ் நன்றாக அமைந்துவிட்டது என்ற திருப்தியில் அப்போது சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை

அந்த ஆட்டத்துக்கு நானும் போனேன். தண்ணீர் தெளித்த மைதானத்திலிருந்து சூடு ஆவியாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புக் கோடு வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. ஆண்கள் ஆட்டத்துக்குச் சைக்கிள் நிறுத்தக்கூட இடம் கிடைக்காத மைதானம் அது. அன்றைக்கு ஈயாடியது.

வந்தவர்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் கூடிய ஒரு இளவட்டக் கும்பல். அவர்கள் ஹாக்கி பார்க்க வரவில்லை. பிள்ளைகள் முழங்காலுக்குக் கீழே தொங்கும் பாவாடை கட்டி ஓடுவதைப் பார்க்க வந்தார்கள். பந்து அந்தப் பக்கம் போனால் விசில். ஒரு பிள்ளை தடுக்கி விழுந்தால் கைதட்டு. செண்பகம் பந்தை எடுத்துக்கொண்டு ஓடும்போது ஒருவன் கத்தியதை இங்கே எழுத முடியாது.

அவள் நின்றுவிட்டாள். பந்து அவளைத் தாண்டிப் போனது. நம் அணி தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் கமிட்டிச் செயலாளர் வேலுச்சாமி அண்ணாச்சி டிரில் டீச்சரிடம் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. நல்ல மனுஷர்தான். குரலில் கோபம்கூட இல்லை.

"டீச்சர், நான் மொதல்லயே சொன்னேன். நம்ம ஊர்ல பொம்பளைப் பிள்ளைக ஆட்டத்த எவன் பாப்பான்? அடுத்த ஞாயித்துக்கெழம மதுரைப் பிள்ளைகளுக்கு வாக்குக் குடுத்தாச்சு, அத மட்டும் நடத்திருவோம். அதுலயும் இப்பிடின்னா, அத்தோட முடிச்சுக்கிடலாம். அடுத்த வருசம் கேக்கப்படாது."

டீச்சர் மட்டைகளைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் செண்பகம் அச்சகத்துக்கு வந்தாள். வாசற்படி ஏறவில்லை.

"எக்கா, அம்மைக்கு எல்லாம் தெரிஞ்சிட்டு. அங்கன என்னத்தக் கத்துனானுவன்னு யாரோ அப்படியே போயிச் சொல்லிருக்காவ. இனிமே மட்டையத் தொட்டா கைய ஒடிப்பேங்கா. டீச்சர்ட்ட சொல்லிருங்க."

சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள். 

மணியாச்சியில் கடலை விற்றவர்

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியில் இருந்த என் அக்கா வீட்டுக்குப் போக மணியாச்சியில் ரயில் மாற வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் செய்ய ஒன்றும் இருக்காது. வேப்பமரத்து நிழலில் பெட்டியின் மேல் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே அவித்த கடலை விற்கிறவர் ஒருவர் இருந்தார். கணீரென்ற தொண்டை.

மெட்ராஸிலிருந்து வருகிற வண்டி நின்றால், "சூடு... சுத்தம்... சூடு... சுத்தம்..." என்று கூவுவார். அதே கடலைக் கூடையோடு இரண்டு தண்டவாளம் தாண்டி, உள்ளூர் ஜனம் ஏறுகிற தூத்துக்குடி வண்டிக்கு வந்தால், "அள்ளிப் போடுதேன்... அள்ளிப் போடுதேன்..." என்பார். சுத்தத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது.

வேடிக்கையாக இருக்கும். அக்காவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். மெட்ராஸ்காரனுக்கு வயிற்றைப் பற்றிப் பயம். நம் ஊர்க்காரனுக்குக் கடலை குறைந்துவிடுமோ என்று பயம். மனுஷர் கடலையைப் பற்றிக் கூவவில்லை, எதிரே நிற்கிறவனின் மனசிலுள்ளதைக் கூவுகிறார்.

செண்பகம் திரும்பி நடந்த அன்றைக்கு, புரூப் தாளை முன்னால் வைத்துக்கொண்டு, மை காய உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடலைக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். என் நோட்டீஸை எடுத்து மறுபடி வாசித்தேன். கரிசல் மண்ணின் பெருமக்களே. யார் அவர்கள்? எந்தத் தெருவில் இருக்கிறார்கள்? எத்தனை மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறார்கள்? எனக்கு ஒருத்தர் முகம்கூடத் தெரியவில்லை. பரிசு கொடுத்த எங்கள் காலேஜ் புரொபசர் முகம்தான் தெரிந்தது. அவர் தஞ்சாவூர்ப் பக்கம். ஹாக்கி பார்க்க வருகிறவர் இல்லை.

யார் வந்து உட்கார்ந்தால் அந்த மைதானத்தில் விசில் சத்தம் நிற்கும்? யார் வந்தால் பிள்ளைகள் தலை நிமிர்ந்து ஓடும்? அப்படி யோசித்தபோது பதில் தன்னால் வந்தது. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள். அக்காக்கள். பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிற பொம்பளைகள். அவர்களில் ஒருத்திகூட அந்த மைதானத்துக்குள் கால் வைத்ததில்லை. அவர்களை வரச்சொல்லி யாரும் ஒரு வரி எழுதியதும் இல்லை.

தீப்பெட்டி ஆபீஸ் வாசல்

திங்கட்கிழமை சாயங்காலம் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். வேலை விட்டு வெளியே வந்த பெண்கள் கிராமத்துக்குக் கூட்டிப்போகிற வேனுக்காகக் காத்திருந்தார்கள். எல்லோர் விரல் நுனியிலும் தீக்குச்சி மருந்தின் சிவப்பு. தூக்குவாளி சத்தம். அந்தக் கூட்டத்தின் நடுவில், இடுப்பில் கைவைத்துக்கொண்டு, யாரையோ ஏசிக்கொண்டிருந்தவள் பேச்சியக்கா. செண்பகத்தின் அம்மா.

நான் யார் என்று சொன்னதும் முகம் இறுகிவிட்டது.

"நீதான் அந்த நோட்டீசு போட்டவளா? நல்லா இருக்குத்தா. ஆம்பளப் பயலுவ விசிலடிக்கதுக்கா நான் பிள்ளையப் பெத்தேன்?"

சமாதானம் சொல்லத்தான் வந்தேன். ஆனால் வாயில் வேறு வந்தது.

"யக்கா, செண்பகம் ஆடி நீங்க பாத்திருக்கீங்களா?"

"நான் எங்கன பாக்க? அங்கன பொம்பளைக போவாவளா?"

"ஏன் போகப்படாது?"

அவ்வளவுதான். பேச்சியக்கா மட்டுமில்லை, சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"போனா எங்கன உக்கார? ஆம்பளைக மடியிலயா?"

"கைப்பிள்ளைய எங்கன போட்டுட்டுப் போக?"

"ஒதுங்கணும்னா என்ன செய்ய? அது வெட்டவெளிப் பொட்டல்லா."

"காசு கேப்பாவளே."

"எப்ப முடியும்? வெளக்கு வச்ச பெறவு வீட்டுக்குப் போனா எம்மாமியா உள்ள விடமாட்டா."

"மொதல்ல அது என்ன ஆட்டம்ட்டி? கம்ப வச்சு யார அடிப்பாவ?"

கடைசிக் கேள்வி கேட்டது ஒரு வயசுப்பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள். பேச்சியக்காவுக்குக்கூட உதட்டோரம் அசைந்தது. ஆனால் வேன் வந்ததும் அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.

நான் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். அவர்கள் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் காதில் அப்படியே இருந்தது. அத்தனைக்கும் பதில் எழுதினால் அதுதான் நோட்டீஸ். வேறொன்றும் வேண்டாம். உலையை வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். நான் அடுப்படித் தரையில் உட்கார்ந்து எழுதி முடித்தேன். இதுதான் அது:

*தீப்பெட்டி ஆபீசுக்குப் போற அக்கா தங்கச்சிமாரே!*
*ஞாயித்துக்கெழம சாயங்காலம் நாலு மணிக்கு நம்ம பிள்ளைக ஹாக்கி ஆடுது. ஒங்ககூட உக்காந்து குச்சி அடுக்குத பிள்ளைகதான்.*
*எதுத்து ஆடுறது மதுரைப் பிள்ளைக.*
*கம்ப வச்சுப் பந்த அடிச்சு, எதிராளி கோலுக்குள்ள தள்ளணும். அம்புட்டுதான் ஆட்டம்.*
*பொம்பளைகளுக்குத் தனிப் பந்தல். அங்கன ஆம்பளைக வரப்படாது.*
*கைப்பிள்ளையத் தூக்கிட்டே வாங்க. குடிக்கத் தண்ணி உண்டு. ஒதுங்க மறைப்பு உண்டு.*
*காசு கெடையாது.*
*வெளக்கு வைக்குமுன்ன வீட்டுக்குப் போயிரலாம்.*
*நம்ம பிள்ளை ஜெயிக்கத நம்ம பாக்காம வேற யாரு பாக்க?*

மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். முதல் வரியிலேயே முகம் சுருங்கியது.

"என்னம்மா இது? அச்சுல ஏத்துற பாஷையா?"

"காதுல ஏறுற பாஷ மாமா. அவியள்ல பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. மைக்குலதான் கேப்பாவ."

"நம்ம அச்சகத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

"நான் இதுவரைக்கும் எழுதுனதெல்லாம் மரியாதையாத்தான் இருந்துச்சு. யாரு செத்துட்டாவன்னுல்லா கேட்டாவ?"

மாமா சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தார். முடியவில்லை. வாசித்த தாளை அச்சுக் கோக்கிற கம்பாசிட்டரிடம் நீட்டினார்.

பந்தலா? மறைப்பா?

ஆனால் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. பந்தல் என்று எழுதிவிட்டேன், பந்தல் கிடையாது. மறைப்பு என்று எழுதிவிட்டேன், அதுவும் கிடையாது. இல்லாததை இருக்கிறது என்று எழுதி ஒரு பெண்ணை வரவைத்தால் அவள் மறுபடி வரமாட்டாள். நான் எழுதுவதை நம்பவும் மாட்டாள்.

புரூப் தாளோடு வேலுச்சாமி அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். மைதானத்து ஓரம் நாற்காலியில் இருந்தார். வாசித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நோட்டீசுன்னா ஊர்ப்பெருமைய எழுதுவாவ. நீ ஒதுங்குற எடத்த எழுதியிருக்க?"

"அவிய அதத்தான் அண்ணாச்சி கேக்காவ."

"ஆம்பளைக ஃபைனலுக்கே இங்கன பந்தல் போட்டதில்ல."

"அதான் ஆம்பளைக மட்டும் வாராவ."

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே மைதானத்தைப் பார்த்தார்.  மாமனார் வயசுள்ள வெளி மனுஷரிடம் அப்படி எதிர்ப்பேச்சுப் பேசியது அதுதான் முதல் தடவை. ஆனாலும் விடவில்லை.

"அண்ணாச்சி, இதுல எந்த வரி வேண்டாம்னு சொல்லுங்க, அடிச்சிருதேன். ஆனா அந்த வரிய அடிச்ச பெறவும் எந்தப் பொம்பள வருவான்னு நீங்களே சொல்லணும்."

தாளை மறுபடி எடுத்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டே வந்தார். பந்தலில் நின்றது விரல். கைப்பிள்ளையில் நின்றது. மறைப்பில் ரொம்ப நேரம் நின்றது. கடைசியில் தாளை மடித்து என்னிடம் கொடுத்தார்.

"ஓலைக்குச் சொல்லிவிடுதேன். நாலு பக்கமும் தட்டி வச்சு ஒரு மறைப்பும் கட்டச் சொல்லுதேன். கூட்டம் வரலன்னா, பந்தலுக்குக் கீழ நீயும் நானும்தான் உக்காந்திருக்கணும், பாத்துக்க."

"உக்காருவோம் அண்ணாச்சி" என்றேன்.

நோட்டீஸ் எழுதி ஒரு பந்தலைக் கட்டவைத்துவிட்டேன் என்ற எண்ணம் திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது. வண்டிப்பாதையில் நின்று தனியாகச் சிரித்தேன்.

மைக்கைப் பிடித்தேன்

சனிக்கிழமை சாயங்காலம், தீப்பெட்டி ஆபீஸ் விடுகிற நேரம். குதிரை வண்டியை வாசலுக்கு எதிரே நிறுத்தினோம். வண்டிக்காரருக்குப் பக்கத்தில் மாமா குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிடாமலே வந்திருந்தார்.

சுடலை அண்ணாச்சி தொண்டையைச் செருமி ஆரம்பித்தார். "தீப்பெட்டி ஆபீசுக்குப் போற... அக்கா... தங்கச்சிமாரே..." முப்பது வருஷம் சாவுச் செய்தி சொல்லிப் பழகிய குரல். என் எழுத்து மறுபடியும் பாடையில் ஏறிக்கொண்டது. வெளியே வந்த பெண்கள் முகத்தில் திகில் தெரிந்தது. ஒருத்தி கையைக்கூடக் கூப்பிவிட்டாள்.

சுடலை அண்ணாச்சிக்கே புரிந்துவிட்டது. மைக்கை என் பக்கம் நீட்டினார். "தாயி, இது எனக்கு வசப்படாது. ஒனக்குத்தான் வரும்."

கோவில்பட்டியில் ஒரு பெண் குதிரை வண்டியில் ஏறி மைக்கில் பேசி நான் பார்த்ததில்லை. மாமாவைப் பார்த்தேன். அவர் குடையைத் திருப்பி முகத்தை மறைத்துக்கொண்டார். பிறகு குடைக்குள்ளிருந்து, "ம், ம், வாசி" என்றார்.

வாசித்தேன். இல்லை, பேசினேன். எப்போதும்வென்றானில் பருத்தி எடுக்கும்போது அடுத்த நிரையில் இருக்கிற பிள்ளையோடு எப்படிப் பேசுவேனோ அப்படி.

நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். வேனில் ஏறியவர்கள் இறங்கினார்கள். "ஒதுங்க மறைப்பு உண்டு" என்று நான் சொன்னதும் ஒரு சிரிப்பு கிளம்பி அலை மாதிரி பின்வரிசை வரைக்கும் போனது. நாம் கேட்டதல்லவா, நம்மளையல்லவா சொல்கிறாள் என்ற சிரிப்பு.

வாசித்து முடித்ததும் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பேச்சியக்கா.

"எல்லாஞ் சரி. அவனுவ விசிலடிச்சான்னா?"

அதற்கு நோட்டீஸில் பதில் இல்லை. மைக் என் கையில் இருந்தது.

"யக்கா, நீங்க இத்தன பேரும் அங்கன உக்காந்திருந்தா எவன் அடிப்பான்?"

 பக்கத்தில் நின்றவள் பேச்சியக்காவின் தோளில் ஓர் இடி இடித்தாள். "அடிக்கட்டுமே. வாய்க்குள்ள தீக்குச்சியப் போட்டு ஒரசிருவோம்!"

வாசலே சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை

மூன்றரை மணிக்குப் பந்தலுக்குக் கீழே நானும் வேலுச்சாமி அண்ணாச்சியும்தான் இருந்தோம். பச்சை ஓலை வாசனை. மண்பானைகளில் தண்ணீர். மதுரைப் பிள்ளைகள் மைதானத்தில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். நம் பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். செண்பகத்தைக் காணோம். கோல் கம்பத்துக்குப் பின்னால் அதே இளவட்டக் கும்பல் வந்து சேர்ந்தது. போன தடவையைவிடப் பெரிய கும்பல்.

அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

முதலில் சத்தம்தான் கேட்டது. ரயில்வே கேட்டுப் பக்கமிருந்து பேச்சும் சிரிப்புமாக ஒரு இரைச்சல். பிறகு நிறம் தெரிந்தது. ஊதா, கிளிப்பச்சை, மஞ்சள். ஞாயிற்றுக்கிழமைச் சேலைகள். இடுப்பில் பிள்ளைகள், கையில் தூக்குவாளி, தலையில் கனகாம்பரம். தெரு அடைத்துக்கொண்டு வந்தார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து இன்னொரு கூட்டம். பக்கத்துக் கிராமத்து வேன் ஒன்று வந்து நின்று, அதிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

முன்னால் பேச்சியக்கா. அவளுக்குப் பின்னால் செண்பகம். மட்டை அம்மாவின் கையில் இருந்தது.

பந்தலுக்கு வந்ததும் பேச்சியக்கா முதலில் மறைப்பை எட்டிப் பார்த்தாள். பானைத் தண்ணீரை ஒரு வாய் குடித்தாள். அப்புறம்தான் மகள் பக்கம் திரும்பி மட்டையை நீட்டினாள்.

"போ. நல்லா ஆடு."

பந்தல் நிறைந்தது. பந்தலுக்கு வெளியே நிறைந்தது. அண்ணாச்சி இரண்டு பக்கத்தையும் பிரித்துக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து ஆண்கள் பக்கம் தள்ளிக் கட்டச் சொன்னார். அதுவும் நிறைந்தது. மறுபடி தள்ளினார்கள். இளவட்டக் கும்பல் நின்ற இடத்துக்கே கயிறு வந்துவிட்டது. அந்தப் பையன்களில் ஒருவனுடைய அம்மாவே கூட்டத்தில் இருந்தாள். "ஏலே, இங்கன என்னல செய்யுத?" என்று ஒரு குரல்தான் கேட்டது. அந்த மூலை காலியாகிவிட்டது. கம்பு வைத்து யாரும் யாரையும் அடிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆட்டம் ஆரம்பித்ததும் கொஞ்ச நேரம் பெண்கள் வாயைத் திறக்கவில்லை. புரிந்துகொண்டிருந்தார்கள். மதுரைப் பிள்ளைகள் கெட்டிக்காரிகள். முதல் கோலை அவர்கள்தான் போட்டார்கள். அப்போதுதான் பந்தலுக்குள்ளிருந்து முதல் கூச்சல் கிளம்பியது. "ஏ சிவப்புப் பாவாட, அவளுக்கு வழி விடாத! மறி, மறி!" எந்த விதியும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆடு மறிக்கத் தெரிந்தவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

பாதி ஆட்டம் தாண்டிய பிறகு செண்பகம் நடுவிலிருந்து பந்தை எடுத்தாள். வெள்ளிக்கிழமை நின்றுபோன அதே பக்கம். ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியைத் தாண்டினாள். பந்து கோல் பலகையில் மோதிய சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது.

அடுத்து எழுந்தது நான் அதுவரை எந்த விளையாட்டு மைதானத்திலும் கேட்டிராத ஒன்று. குலவை. அம்மன் கோவிலில் சாமி வரும்போது இடுகிற குலவை. பந்தலின் ஒரு மூலையில் ஒருத்தி ஆரம்பிக்க, அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். மதுரை கோல்கீப்பர் பயந்துபோய் வானத்தைப் பார்த்தாள். நடுவர் விசிலை வாயில் வைத்தபடி நின்றார். வேலுச்சாமி அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுழற்றினார்.

முடிகிற நேரத்தில், கோலுக்குப் பக்கத்திலிருந்து அடிக்க வாய்ப்புத் தருகிற ஒரு ஷார்ட் கார்னர் கிடைத்தது. செண்பகம் அடித்தாள். முதலில் தடுத்துவிட்டார்கள். திரும்பி வந்த பந்தை அவள் மறுபடி அடித்தாள்.

"அடிச்சிட்டா! எம்மவ அடிச்சிட்டா!" என்று பேச்சியக்கா கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடினாள். அவளைப் பிடிக்க ஓடியவர்கள் பிடிக்கவில்லை, சேர்ந்து ஓடினார்கள். நடுவர் முடிவு விசில் ஊதியதை யாரும் கேட்கவில்லை. மைதானம் முழுக்கச் சேலைகளாக இருந்தது. பேச்சியக்கா மகள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வழித்து நெட்டி முறித்தாள். பிறகு மட்டையை வாங்கித் தூக்கிப் பார்த்தாள். "இம்புட்டுக் கனத்த வச்சிக்கிட்டா ஓடுத!" என்றாள். வருகிறவள் போகிறவளிடமெல்லாம் அதைக் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னாள்.

விளக்கு வைக்க இன்னும் நேரம் இருந்தது. நான் எழுதிய வார்த்தை நின்றது. ஆனால் ஒருத்தியும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

அண்ணாச்சி மைக்கில், அடுத்த வருஷம் பெண்களுக்குத் தனியாகவே ஒரு போட்டி, நாலு ஊர் அணிகள் என்று அறிவித்துக்கொண்டிருந்தார். குலவையில் அது பாதி கேட்கவில்லை. நான் பந்தல் ஓரமாக நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மதுரை அணிக் கேப்டன் செண்பகத்தின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள். தோற்ற வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் அவள் முகத்தில் அதிகமாக இருந்தது. மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எங்க ஊர்ல நாங்க ஆடினா எங்க வாத்தியார் மட்டும்தான் வருவார். இங்கே இத்தனை பொம்பளைங்க வந்திருக்காங்க! எப்பவும் இப்படித்தானா?"

செண்பகம் வியர்வையைப் புறங்கையால் துடைத்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். அவள் அம்மா யாருக்கோ மட்டையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றாள், கொஞ்சமும் தயங்காமல். "எங்க ஊர்ல எப்பவுமே இப்பிடித்தான் வருவாவ."